சும்மா ஒருத்தி பேருக்கு ஓர் அர்ச்சனை

எங்கள் வீட்டில் நேரத்தை வீணாக்குவது என்றால், அது நான் வலைப்பூ எழுதுவதுதான். அருப்புக்கோட்டை பஜாரில் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், பக்கத்துக் கடைக்காரரோடு மணிக்கணக்கில் அரசியல் பேசுவது அந்தக் கணக்கில் வராது.

“அந்த நேரத்துல சாமியக் கும்பிட்டாலும் புண்ணியம் உண்டு” என்பார்.

நானும் கும்பிடத்தான் செய்தேன். காலையில் விளக்கேற்றிக் கண்ணை மூடியதும், யாராவது படித்துவிட்டு ஒரு வரி எழுதிவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொள்வேன். ஊரெல்லாம் ரீல்ஸ் பார்க்கிற காலத்தில் வலைப்பூவை யார் படிப்பார்கள்? கருத்துப் பெட்டி காலியாகவே கிடந்தது.

மொட்டைமாடியில் மிளகாய் வற்றல் காயப்போட்ட கதையை எழுதிய அன்று, ‘சும்மா ஒருத்தி’ என்ற பெயரில் ஒருவர் வந்தார். “படிக்கும்போதே எனக்கும் தும்மல் வந்துவிட்டது” என்று எழுதியிருந்தார். அன்றைய சாம்பாரில் உப்புப் போட மறந்துபோனேன்.

அதன்பிறகு அவர் அடிக்கடி வந்தார். சூரத்தில் இருப்பதாகவும், தமிழில் பேச ஆளில்லை என்றும் எழுதினார். ஒருநாள், “நாளை எனக்கு ஆபரேஷன். உங்கள் பக்கத்துச் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார்.

மறுநாள் காலையில் பஸ் ஏறித் திருச்சுழி கோயிலுக்குப் போனேன். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பேரும் நட்சத்திரமும் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சும்மா ஒருத்தி” என்றேன்.

“யாரா இருந்தாலும் சரிம்மா, பேரச் சொல்லுங்க.”

“பேரே அதான் சாமி. அவுக கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருவாக.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

“சரி, சாமிக்கு ஆளத் தெரியும்” என்றவர், மந்திரத்துக்கு நடுவே அந்தப் பெயரையும் கணீரென்று சொன்னார். சிரிப்பை அடக்கக் கண்ணை மூடினேன். ஆனால் அழுகைதான் வந்தது. எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பல நாள் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. அடுப்படியில் நின்றபடி போனைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரரே கேட்டார்: “அந்தம்மாட்டருந்து எதுவும் வந்துச்சா?”

மறுவாரம் வந்தது: “வீட்டுக்கு வந்துவிட்டேன். படுத்தபடியே உங்கள் பழைய பதிவுகளை எல்லாம் படித்தேன். ஒற்றுப்பிழை நிறைய இருக்கிறது.”

வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “அப்ப நல்லாத்தான் இருக்காக.”