கவுஸ் பாஷா அடைத்த நூல்

கவுஸ் பாஷாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் என்னால் நாற்பது சொல்ல முடியும். அதுதான் என் வயிற்றெரிச்சலே. குடிப்பானா என்றால் இல்லை. கோள் சொல்வானா, அதுவும் இல்லை. ஒருத்தன் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு, அவனைத் திட்ட ஒரு குறைகூடக் கிடைக்காமல் எட்டு மாதம் பக்கத்திலேயே வேலை செய்து பாருங்கள், அப்போது தெரியும்.

நான் மாரப்பன், அதியமான்கோட்டை. பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் லாரிக்கு அடியில் படுத்தவன். போன வருஷம் ஒரு டிரஸ்ட்காரர்கள் எங்கள் ஊருக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டருக்குக் குறுகலாகத் தண்டவாளம் போட்டார்கள். வடக்கே எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்த பழைய ரயில் கோச் ஒன்றை டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதைப் பழையபடி ஆக்கி, ஒகேனக்கல் போகிற டூரிஸ்ட்டுகளை வழியில் மடக்கி ஏற்றி ஓட்டுவது திட்டம். மரவேலைக்கும் பெயின்டுக்கும் வேறு ஆட்கள். சக்கர வேலைக்கு நானும் கவுஸ் பாஷாவும்.

அவன் தர்மபுரி டவுன்காரன். எண்ணெய் ஆலை ஒன்றில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து, ஆலையை மூடியதும் வெளியே வந்தவன். ஆள் ஒடிசல், குரல் அதைவிட ஒடிசல். மத்தியானம் அவன் மனைவி ஹசீனா கட்டிக்கொடுத்த டிபனில் பாதியை எனக்கு வைப்பான். அந்தப் பெண்ணின் பருப்புக்கூட ருசியாக இருந்து தொலைக்கும்.

சக்கர அச்சின் நுனி ஒரு இரும்பு பாக்ஸுக்குள் சுழல்கிறது. எங்கள் கோச்சுக்கு அப்படி எட்டு பாக்ஸ். லாரி மாதிரி பால் பேரிங், கிரீஸ் எல்லாம் இதில் இல்லை. எண்ணெயில் ஊறிய கம்பளி நூலை அச்சுக்கு அடியில் திணித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். கெட்டியாகத் திணித்தால் எண்ணெய் ஏறாது, லூசாக வைத்தால் நூல் சரிந்துவிடும். எப்படித் தப்பினாலும் பாக்ஸ் கொதிக்கும். கவுஸ் பாஷாவின் ஆலையில் பழைய ஷாஃப்ட் எல்லாம் இதே நூலில்தான் ஓடியதாம். ஒரு இழையை விரலில் உருட்டிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு திணிப்பான். அவன் பாக்ஸ் மண்பானை மாதிரி ஜில்லென்று இருக்கும். என்னுடையது இட்லிக் குண்டான்.

ஒவ்வொரு ட்ரயல் ஓட்டமும் முடிந்ததும் எங்கள் இன்ஜினியர் நிர்மலாதேவி மேடம் இறங்கி, எட்டு பாக்ஸிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். யார் அடைத்தது என்று தெரிவதற்காக அவரவர் பெயரின் முதல் ஓரிரு எழுத்தை பாக்ஸ் மேல் சாக்பீஸால் எழுதவேண்டும் என்பது அவர் சட்டம். அவன் பாக்ஸ் கொஞ்சம் சுட்டால் வெயில் காரணம், என்னுடையது சுட்டால் கை காரணம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. வீட்டிலும் இதே பாட்டு. எங்கள் கிரைண்டரை ஒரு நாள் வந்து சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து என் மனைவி சாலம்மாளுக்கு, மனுஷன் என்றால் பாய்தான்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் மேடம் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். வண்டி ஓட ஆரம்பித்தபின் ஒருத்தரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியுமாம். வெள்ளிக்கிழமை கடைசி ட்ரயல், யார் பாக்ஸ் சூடாகவில்லையோ அவருக்கு வேலை. எனக்கு வயது ஐம்பத்துநாலு. மறுபடியும் லாரிக்கு அடியில் போய்ப் படுக்க என் முதுகில் தெம்பு இல்லை. அந்த வேலை எனக்கு வேண்டும். அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிதாக வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

வியாழக்கிழமை காலையிலேயே என் நாலு பாக்ஸையும் அடைத்து முடித்துவிட்டு, மகள் பூவிழியின் வளைகாப்புக்காக அரை நாள் லீவு போட்டுப் போனேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு அவன் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் போனான். ஷெட்டில் யாரும் இல்லை. ஈரத்துணியை எடுத்தேன். எட்டு எழுத்தையும் அழித்தேன். அவன் பாக்ஸில் என் எழுத்தும், என் பாக்ஸில் அவன் எழுத்தும் போட்டேன். ஒருத்தன் தொழப்போன நேரத்தில் செய்கிற காரியமா என்று மனசு கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும் என்று சாக்பீஸைத் தூக்கிப் போட்டேன்.

அவன் திரும்பி வந்ததும் நேராகக் கோச்சுக்குள் பிரேக்கைப் பார்க்கப் போய்விட்டான். மூன்று மணிக்கு வண்டி கிளம்பி, ஐந்து தடவை போய் வந்தது. மேடம் இறங்கினார். அவன் எழுத்து போட்ட முதல் பாக்ஸில் புறங்கையை வைத்து, பரவாயில்லையே என்றார். அடுத்தது என் எழுத்து. வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். இப்படியே எட்டும். அவன் பெயர் இருந்த நாலும் ஜில். என் பெயர் இருந்த நாலில் இரண்டு கொதிக்கிறது, இரண்டு சுடுகிறது.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். அது என் பாக்ஸ் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? மேடம் வருத்தமாகத்தான் பேசினார், மாதக் கடைசி வரைக்கும் வாங்க என்றார். கவுஸ் பாஷா ஒவ்வொரு எழுத்தாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான்.

குழாயடியில் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

"மாரப்பண்ணா, எம் பேருக்கு நான் 'கௌ'ன்னுதான் எழுதுவேங்க. நாலுலயும் 'கவு'ன்னு இருந்துச்சு."

எல்லாரும் கூப்பிடுகிற மாதிரியே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

"நேத்து நீங்க வூட்டுக்குப் போனப்புறம் உங்க பாக்ஸப் பிரிச்சேங்க. நூலு ரொம்பக் கெட்டியா இருந்துச்சு. புது நூலு நாலுக்குத்தான் பத்துச்சு. அத உங்களுதுல வெச்சிட்டு, என்னுதுல பழசையே அலசிப் போட்டேன். தாங்கும்னு நெனச்சேன், தாங்கல."

"உன்ன யாரு பாய் பிரிக்கச் சொன்னா?"

"கொதிச்சா வண்டி நின்னுடுங்களே. யாரு பாக்ஸா இருந்தா என்ன?"

சோப்பை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனான். நான் அந்தச் சாக்பீஸைத் தொடாமல் இருந்திருந்தால் வேலை எனக்கு. அவன் கையாலேயே எனக்குக் கிடைத்திருக்கும். நானே எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது மறுபடியும் லாரிக்கு அடியில்தான் படுத்திருக்கிறேன். மேடத்திடம் அவன் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் தன் வேலை போய்விடும் என்று சொல்லவில்லையா, என் மானம் போய்விடும் என்று சொல்லவில்லையா? முதலாவது என்றால் அவனும் என்னை மாதிரி ஒரு ஆள்தான், எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். போய்க் கேட்டுவிடலாம், டவுன் என்ன தூரமா? இரண்டாவதுதான் என்று சொல்லிவிடுவானோ என்ற பயத்தில் கேட்காமல் இருக்கிறேன்.