ஆபரேட்டர் அக்கா பிடித்த இடம்

“...ஆனா போர்டுல வர்ற குரலுக்கு மட்டும்தான் நான் லைன் குடுப்பேன், டீச்சர். போர்டுல வராத குரலும் வரும். வந்து கத்திட்டுப் போகட்டும். அதுக்குப் பதில் சொல்ல எனக்கு யாரும் சம்பளம் குடுக்கல.”

தாம்பரத்தில் புறப்படக் காத்திருந்த, பீச் ஸ்டேஷன் போகிற மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடி இதைச் சொன்னவரை நாங்கள் ஆபரேட்டர் அக்கா என்போம். பாரிமுனையில் ஒரு கம்பெனியில், டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்து வருகிற அழைப்புக்கெல்லாம் லைன் கொடுக்கிற ஆபரேட்டர். எண்பதுகளின் கடைசி அது. அவருக்கு எதிரே, டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு டீச்சர் நின்றிருந்தார். அக்காவின் பக்கத்து இருக்கையில் ஒரு குடை கிடந்தது. அந்தக் குடைக்கு வருவதற்கு முன்னால் எங்கள் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பெட்டி ஒரு குடித்தனம் மாதிரி. கிண்டியில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி வெட்டுகிற நான், மாம்பலத்தில் இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற டீச்சர், கூடையோடு ஏறுகிற பூக்காரம்மா, இன்னும் நாலைந்து பேர். அவரைக்காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் பூக் கட்டுவதும், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு வளையல் அடுக்கியதும்கூட ஓடுகிற வண்டியில்தான். நான் எட்டாவதோடு நின்றவள். மிச்சப் படிப்பெல்லாம் அந்தப் பெட்டியில் காதால் படித்தது. யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நாள் முழுக்க அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே துணி வெட்டுவேன்.

அப்படி அதிகம் கிடைத்தது ஆபரேட்டர் அக்காவிடமிருந்துதான். புருஷனோடு சண்டை என்று ஒருத்தி அழுதால், “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல டயல் பண்ணா என்கேஜ்டுதான் வரும், ஒருத்தர் வையுங்க” என்பார். மேலதிகாரி கத்துகிறான் என்றால், “கத்தறவன் சீக்கிரம் வச்சிடுவான். மெதுவாப் பேசறவன்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்” என்பார்.

தாம்பரத்தில் இடம் பிடிக்க ஒரு முறை உண்டு. பீச்சிலிருந்து வரும் வண்டிதான் அங்கே நின்று திரும்பிப் போகும். அது நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை எறிந்துவிட்டால் அந்த இடம் நமது. அக்காவால் எறிய முடியாது. கை லேசாக நடுங்கும். காலையில் மெதுவாகத்தான் நடந்து வருவார். “ராத்திரி போடற மாத்திரை, காலைல காலு ஈரப் புடவை மாதிரி கனக்குது” என்று மட்டும் சொல்லியிருந்தார். அதனால் அவருக்கும் சேர்த்து நான்தான் கர்ச்சீப் போடுவேன். பீச் வரை நின்றுகொண்டு போக அவரால் ஆகாது.

ஒரு மழைக்காலத்தில் அக்கா ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரர் அவரை ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் பார்த்துவிட்டார். வண்டி பல்லாவரம் தாண்டுவதற்குள் செய்தி பெட்டி முழுக்கப் போய்விட்டது.

“அதான் அப்பப்போ ஒதடு மட்டும் ஆடிக்கினு இருந்துச்சா?” என்றாள் பூக்காரம்மா. “நான் இன்னாமோ சாமி பேரு சொல்லுதுன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்.”

டீச்சர் அவரைக்காயிலிருந்து தலை நிமிரவில்லை. “பாவம்தான். நான் இல்லேங்கல. ஆனா நம்ம கையில கத்தி இருக்கு. பார்த்து நடந்துக்கணும்.”

அக்கா திரும்பி வந்த அன்று நான் வழக்கம்போல் கர்ச்சீப் போட்டேன். யாரோ அதை எடுத்து என் மடியிலேயே வைத்தார்கள். பையை நகர்த்தி, பூக்கூடையை நகர்த்தி, இருந்த இடத்தை இல்லாமல் செய்தார்கள். டீச்சர் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அக்கா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து இடம் கொடுத்தேன். அன்றைக்கு உட்கார்ந்தார். மறுநாள் மறுத்துவிட்டார். “நீ நாளெல்லாம் நின்னு துணி வெட்டறவ. உன் கால எடுத்து நான் மாட்டிக்க முடியாது.”

குரோம்பேட்டையிலேயே கால் மடங்கி, கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பூக்காரம்மா குனிந்து கேட்டாள்: “சும்மா சொல்லுக்கா. உள்ள பேசறவங்க லாட்டரி நம்பரு எதுனா சொல்றாங்களா?”

“அவங்களுக்கு அவ்வளவு விவரம் இருந்தா நான் ஏன் இந்த வண்டில வரப்போறேன்?”

பூக்காரம்மா சிரித்துவிட்டாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் தாம்பரம் பிளாட்பாரத்தில் அக்கா என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார், சமையல் குறிப்புச் சொல்கிற மாதிரி. “ஸ்கிசோஃப்ரீனியா. பேரு நீளம், மாத்திரை சின்னது. காலேஜ் முடிச்ச வருஷத்துலேர்ந்து என்கூடக் குடியிருக்கு. வாடகையும் குடுக்காது, காலி பண்ணவும் மாட்டேங்குது. அதுக்காக நான் வீட்டை விட்டுட்டுப் போக முடியுமா? ஒரு ரூம்ல அது இருக்கட்டும், மத்த ரூமெல்லாம் என்னோடது.”

இந்த முறை மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனதில்தான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்ததாம். மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. மேனேஜருக்கும் தெரியும். “ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், தினம் நேரத்துக்கு வந்துடுவீங்களான்னு. வந்துடுவேன்னு சொல்லியிருக்கேன். நாளெல்லாம் நூறு பேர் குரல் காதுல விழுந்தாதான் அந்தக் குரலுங்க கொஞ்சம் அடங்குது. வீட்டுலயே உக்காந்துட்டேன்னா அவங்க ராஜ்யம்தான்.”

பிறகு, “நாளையிலேர்ந்து எனக்குக் கர்ச்சீப் போடாதே” என்றார்.

 வேலையை விட்டுவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை பிளாட்பாரத்தில் அவர் இல்லை. வண்டி வந்தது. நான் கர்ச்சீப்பைச் சுருட்டிக் கையை ஓங்கும்போது, உள்ளேயிருந்து ஒரு கை ஆடியது. காலிப் பெட்டியில், ஜன்னலோரத்தில், தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். முந்தின வண்டியைப் பிடித்து, ஒரே ஸ்டேஷன் நின்றுகொண்டு போய், சானடோரியத்தில் இறங்கி, எதிரே தாம்பரத்துக்கு வந்த இந்த வண்டியில் ஏறித் திரும்பி வந்திருக்கிறார். டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தபடி மாத்திரையை ராத்திரி கொஞ்சம் முன்னதாகப் போட்டுக்கொண்டாராம். ஈரப் புடவைக் கால்களோடு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருக்கிறார்.

அது போதாதென்று, எங்களுக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். எனக்கு அவருடைய கர்ச்சீப். மற்றவர்களுக்குச் சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், மடித்த பத்திரிகை. தள்ளுமுள்ளில் ஏறியவர்கள் அவற்றைப் பார்த்தார்கள். எடுத்து அக்காவிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். பூக்காரம்மா மட்டும், “ஷோக்கா கீது அக்கா, இனிமே டெய்லி இப்படியே புட்ச்சி வையி” என்றாள்.

மிச்சம் இருந்தது குடை வைத்த இடம், அக்காவுக்குப் பக்கத்தில். டீச்சர் உட்காரவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசியதை அவர் ஒருவர்தான் முகத்துக்கு நேரே கேட்டார்.

“உங்களுக்குக் குரல் கேக்குமாமே. அது எங்களை ஏதாவது பண்ணுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?”

அக்கா டீச்சரை நிமிர்ந்து பார்த்தார்.

“என்னைத் திட்டும், உங்களையும் திட்டும். ஒளிக்க மாட்டேன்” என்று ஆரம்பித்தார் அக்கா. அதற்குப் பிறகு சொன்னதுதான் நான் முதலில் எழுதியது, போர்டும் லைனும் சம்பளமும்.

சொல்லி முடித்துக் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டீச்சர் கொஞ்ச நேரம் நின்றார். வண்டி அசைந்தது. உட்கார்ந்தார். சானடோரியம் வந்ததும் பையைத் திறந்து அவரைக்காயை எடுத்தார். செய்தித்தாளைப் பிரித்துக் கத்தியையும் எடுத்தார். “நேத்து டிபன்ல புளி ஜாஸ்தி” என்று யாரிடமோ சொன்னார்.

அக்கா அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் எழுந்ததில் தூக்கம் கண்ணைச் சுழற்ற, குரோம்பேட்டைக்கு முன்னாலேயே டீச்சரின் தோளில் தலையைச் சாய்த்துவிட்டார். டீச்சர் அந்தப் பக்கக் கையை அசைக்காமல் ஒரு கையாலேயே காயை நறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டியில் நான் இறங்கும்போது அக்கா வாயைத் திறந்தபடி, சன்னமாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.