இரவல் மட்டைகளோடு ஆடியவர்

இன்று வேலையில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

ஓக்லாந்து விமான நிலையத்தில், வந்துசேராத பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் கவுண்டரில்தான் நான் இருக்கிறேன். இந்த வாரத் தொடக்கத்தில் ஓர் இங்கிலாந்துக்காரர் வந்தார். கோல்ஃப்தான் அவருக்குத் தொழில். இங்கே ஒரு போட்டிக்கு வந்திறங்கியவருடைய மட்டைப் பை வழியில் எங்கோ தங்கிவிட்டது. மேசையில் அடித்துக் கத்தினார்.

இன்று காலை பை வந்தது. மத்தியானம் அவரும் வந்தார். போட்டி இன்னும் முடியவில்லை. ஆட்டம் போதாதென்று அவரைப் பாதியிலேயே வெளியேற்றிவிட்டார்களாம்.

மன்னிப்புக் கேட்டேன். "சொந்த மட்டைகள் இருந்திருந்தால் வென்றிருப்பீர்கள்" என்றும் ஆறுதலாகச் சொல்லிவைத்தேன்.

அவர் தலையாட்டி மறுத்தார். "இரவல் மட்டைகளோடு ஆடினேன். எப்போதும் போலவே பாதியில் வெளியே வந்தேன். இத்தனை வருடமாக மட்டையை மாற்றினேன், பயிற்சியாளரை மாற்றினேன், காற்றைத் திட்டினேன். கோளாறு எதில் என்று இந்த வாரம்தான் தெரிந்தது. இனி ஆடப்போவதில்லை."

நன்றி சொல்லிவிட்டுப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

என்னோடு வேலை செய்யும் சிவம் அண்ணை அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பை நேரத்துக்கு வந்திருந்தா, அந்தாள் இன்னும் கொஞ்சக் காலம் நம்பிக்கையோட ஆடியிருக்கும், என்ன தங்கச்சி?"

"ஓம் அண்ணை" என்றேன்.

பை பிந்தினால் நட்டஈடு உண்டு. இதற்கு என்ன கொடுப்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.