ஃப்ளைவீலுக்கு வைத்த பொட்டு

எங்கள் ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். இலங்கை மலையகத்து மடுல்சீமையில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்த அப்பாவிடம், ஊரைவிட்டுப் போன தோட்டத்துத் துரை ஒருவர் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. அப்பாவுக்குப் பிறகு எனக்கும் கனடாவில் இருக்கும் அண்ணனுக்கும் பொது. ஓட்டுவது நான், அதிகாரம் பண்ணுவது அண்ணன்.

இந்த வருடம் அது மேடு ஏற மறுத்தது. கிளட்சை விட்டால் வண்டி முழுக்க உதறும், கருகிய வாடை அடிக்கும். காரணம் எங்கள் மலைக்காரர்களின் வீம்பு. வளைவில் எதிரே பஸ் வந்து நின்றால், ஹேண்ட்பிரேக்கைத் தொடுகிறவன் இங்கே டிரைவரே இல்லை. பாதி கிளட்சிலேயே வண்டியை மேட்டில் நிறுத்தி வைத்து, பஸ்காரரிடம் சுகம் விசாரிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அப்பாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். தேய்ந்தது என்னவோ ஃப்ளைவீல்.

அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"ஃப்ளைவீல் சரி வந்தா வச்சுக்க. வரலேன்னா கொழும்புல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துருவோம்" என்றார்.

இந்த மாடலுக்கு வேறு ஃப்ளைவீல் தேடினாலும் கிடைக்காது. எரிச்சலில் சரி என்று சொல்லிவிட்டேன்.

பதுளையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் அதைக் கழற்றிக் காட்டினார். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனத்த இரும்பு வட்டு அது. அதன் முகத்தைத்தான் கிளட்ச் பிடிக்கும். முகமெங்கும் நீல நீலமாகச் சூட்டுத் தழும்பு, மயிரிழையாகக் கீறல்கள்.

"மேல் தோலச் சீவி ஒரு தடவ ஸ்கிம் பண்ணலாம் டீச்சர். கீறல் போகலேன்னா தூக்கிப் போட வேண்டியதுதான். போனாலும் இதுதான் கடைசி. அதுக்கு மேல சீவ இரும்பு இல்ல."

லேத்தில் அது சுற்ற, தேய்ந்த தோல் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. நிறுத்தி, நகத்தால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். கீறல் போயிருந்தது. எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கிளட்ச் பிளேட் கொழும்பிலிருந்து வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ளைவீலை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

நான் வேதக்காரி, என் வீட்டுக்காரர் சைவம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து பார்த்தால், ஃப்ளைவீல் அவருடைய சாமிப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. சீவிய முகத்தில் வரிசையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"என்னங்க இது?"

"புதுசு மாதிரி வந்திருக்கு. பொட்டு வைக்காம எப்படி வண்டியில ஏத்துறது? நேத்தே வச்சுட்டேன்."

துணியால் துடைத்தேன். ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் செம்பழுப்பாகத் துரு. எண்ணெய் தடவாத இரும்பு, ஈரச் சந்தனம், வெளியே அடைமழை. வேறென்ன ஆகும்?

"இனிச் சீவ இரும்பு இல்லைங்க! என் காரையே வித்துட்டீங்க!" என்று தோட்டத்து லயத்து வீடுகளுக்கே கேட்கும்படி கத்தினேன். அவருடைய சாமி மேல் எனக்குக் கோபமில்லை, முழுக் கோபமும் அவர் மேல்தான். மறுநாள் காலையில் அந்தக் கனத்தைத் தானே தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கோபம் குறையாமல் நானும் பின்னால் ஏறினேன்.

பட்டறைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பொட்டு இல்லாம எந்த ஃப்ளைவீல் டீச்சர் இங்க திரும்பி வந்திருக்கு? இது மேலாகப் பிடிச்ச துருதான். சீவத் தேவையில்ல."

நைசான உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்தார். முகம் பழையபடி பளிச்சென்று வந்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

"அண்ணே, அடுத்த தடவ கிளட்ச் படாத பக்கமா வைங்க" என்றார் என் வீட்டுக்காரரிடம். அவர் அப்போதே சட்டைப் பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். நான் தடுக்கவில்லை.

கிளட்ச் பிளேட்டும் வந்து, எல்லாவற்றையும் வண்டியில் பூட்டி முடித்ததும் மடுல்சீமை மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். உதறல் இல்லை, வாடை இல்லை. பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். மேலே வண்டியை நிறுத்தி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏறிருச்சுண்ணே."

மறுமுனையில் அண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

"கொழும்புலருந்து யாரும் கேட்கலம்மா. நீ அத ரிப்பேர் பண்ணாமலே போட்டுருவியோன்னு பயந்துதான் அப்படிச் சொன்னேன்."

இருந்த நிம்மதியையெல்லாம் சேர்த்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவரும் போனை வைக்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.