அக்கா பேசாமல் விட்ட கடைசிக் காட்சி

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கு அவரைப் பற்றி இரண்டு செய்திகள் நிச்சயம் தெரிந்திருக்கும். அவருக்குப் படம் பார்க்கப் பிடிக்கும் என்பது ஒன்று. தங்கையின் கல்யாணத்தைக் கெடுத்தவர் என்பது மற்றொன்று. முதல் செய்தி சரி. இரண்டாவது பிழை. அந்தத் தங்கை நான்.

அக்கா யோங் பெங் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். அப்பா தோட்டத்து லோரி ஓட்டுநர். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு எட்டு. இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் சேர்ந்தார். பெட்டியில் அடைப்பதற்கு முன் நாற்காலிகளைச் சோதிப்பது அவர் வேலை. கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பதே அதிகம். இருக்கைக்கு அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், ஆணி முனை தட்டுப்பட்டால் அந்த நாற்காலி திரும்பிப் போகும்.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது வாடகைக்கு ஒரு வீடியோ நாடா எடுத்து வருவார். கதாநாயகன் யார் என்று அவர் கேட்டதே இல்லை. வில்லன் கெட்டிக்காரனா என்று கடைக்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் எடுப்பார். ஒரு படத்தில் வில்லன் எதிரியின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, பாயசம் நன்றாக இருக்கிறது என்று சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வருவான். அந்த இடத்தை அக்கா மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

“சத்தம் போடுறவன்லாம் அடியாளு லா,” என்பார். “வில்லன் மெதுவாத்தான் பேசுவான்.”

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, கதாநாயகனைக் கட்டிப் போட்டு வில்லன் எதிரே வந்து நின்றதும், அக்கா பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுவார். திரை நடுங்கிக்கொண்டு நிற்கும்.

“இப்ப சொல்லு. இவன் எங்க தப்பு பண்ணான்?”

நான் ஏதாவது சொல்வேன். தடயத்தை விட்டான், தம்பியை நம்பினான் என்று. அக்கா தலையை ஆட்டுவார்.

“அது இல்லடி. இனிமேதான் பண்ணப் போறான். இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்தவன், இப்ப நின்னு எல்லாத்தையும் வெளக்கப் போறான் பாரு.”

பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் வேலை கிடைத்தது. அதே வாரம் அப்பா மூவாரில் ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை நல்லவர். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவது மட்டும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அப்பா சித்தப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். நான் “சரிப்பா” என்றேன். அக்காவையும் கேட்டார்கள். சின்னவளுக்கு முதலில் செய்வதில் தனக்கு வருத்தமில்லை என்று அவரும் சொன்னார்.

பரிசத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. வழக்கம்போல அக்கா படத்தை நிறுத்தினார். நான் படத்தைக் கவனித்திருக்கவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“வேணுமா, வேணாமா? ஒரே வார்த்த.”

“வேணாம்க்கா.”

“சரி,” என்று பொத்தானை அழுத்தினார். மீதிப் படத்தை இருவரும் பார்த்து முடித்தோம்.

மறுநாள் காலை, தட்டு மாற்றும் நேரத்தில் அக்கா கூடத்துக்கு வந்து ஆண்களுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“மூத்தவ நான் ஒருத்தி வீட்டுல இருக்கேன். சின்னவளுக்குத் தட்டு மாத்துறீங்களா? நான் ஒத்துக்க மாட்டேன்.”

மாப்பிள்ளையின் அம்மா திகைத்துப்போனார். “போன வாரம் நீதானம்மா சரின்னு சொன்ன?”

“இப்ப இல்லங்கிறேன்.”

“பொறாமடி உனக்கு,” என்றார் சித்தப்பா. “கூடப் பொறந்தவ நல்லா இருக்கக்கூடாது.”

அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்து வெற்றிலைத் தட்டை இரண்டு கைகளாலும் எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தார்.

“மன்னிச்சிக்குங்க அத்த. உங்க புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல.”

அன்று கூடத்தில் இருந்த உங்களில் பலர் இதை நேரில் பார்த்தீர்கள். நான் பார்த்ததையும் சொல்கிறேன். மாப்பிள்ளையின் பேருக்கு ஒரு கீறல் இல்லை. அப்பா வாக்கு மாறினார் என்று யாரும் சொல்ல முடியவில்லை. என்னை எல்லோரும் பாவம் என்றார்கள். பழி முழுவதும் ஒரே ஆள்மேல் விழுந்தது. விழவேண்டிய இடத்தை அந்த ஆள் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார்.

அன்று மத்தியானம் அவர் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“எத்தன படம் பாத்திருக்க? கெட்டிக்காரன்லாம் எங்க மாட்டுறான்? கடைசியில வாயத் தொறந்துதானே. நீ தொறக்காத. அப்பா மொகத்த எங்க வச்சிக்குவாரு?”

ஒரு மாதத்தில் நான் கோலாலம்பூர் போனேன். அதற்குப் பிறகு அக்காவை இரண்டு இடங்களிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பரிசத்தன்று நடந்தது அவர்கள் காதுக்கும் எட்டியது. மறுபடி வரவில்லை. அக்கா தொழிற்சாலைக்குப் போய் வந்தார். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். விசேஷ வீடுகளில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். அப்பா போன பிறகாவது சொல்லலாமே என்று கேட்டேன். “இனிமே என்னா,” என்றார். நானும் விட்டுவிட்டேன். நாளிதழில் முப்பது ஆண்டுகள் அடுத்தவர் எழுதியதில் பிழை பார்த்தவள், இந்த ஒரு பிழையை அப்படியே விட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கடைசி ஆறு ஆண்டுகள் அக்கா என்னோடு பெர்மாஸ் ஜெயா வீட்டில் இருந்தார். சனிக்கிழமைப் பழக்கம் திரும்பி வந்தது. நோய் முற்றியபோதும் அதை விடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் படத்தை நிறுத்தி, “இவன் எங்க தப்பு பண்ணான்?” என்றார். நான் யோசிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள், “வந்து பாப்போம், நீ மட்டும் பாத்துடாத,” என்றார். நான்கு நாள் கழித்துப் புதன் காலை மருத்துவர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். அக்கா வீடு திரும்பவில்லை. இன்றும் தொலைக்காட்சியைப் போட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று திரை கேட்கிறது. நான் அணைத்துவிடுகிறேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. வாசித்து முடித்ததும் கேட்டார்.

“உங்கக்கா சொல்லாது, சரி. நீ ஏன்ம்மா சொல்லல?”

நான் தாளை மடிக்கப் போனேன்.

“போடு,” என்றார். “நான் சொன்ன வார்த்தையையும் சேத்தே போடு.”

அக்காவின் கடைசி நாட்களில் சோறும் ரசமும் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தலைவாரிவிட்ட தாதியருக்கும், மூவாரிலிருந்து வாடகை வேனில் வந்து நின்ற தொழிற்சாலைத் தோழியருக்கும், தள்ளாத வயதில் இறுதிச் சடங்கில் கடைசிவரை நின்ற சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி.

அக்காவின் விதிப்படி பார்த்தால் நான் இப்போது செய்திருப்பது தவறு. கடைசிப் பத்து நிமிடத்தில் வாயைத் திறந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டேன். அவர் இருந்திருந்தால் பொத்தானை அழுத்தி நிறுத்தி, “இங்கதான்டி தப்பு பண்ண,” என்று சொல்லியிருப்பார்.

அதை ஒரு முறை கேட்க வேண்டும்போல் இருக்கிறது.