கேட்டு நடந்த வழி

போன வாரம் ஏலக்காய் ஸ்டோரில் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிற அக்கா, போடியில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாள். சிலமலையில் அவள் தோட்டத்துக்குப் போகிற பாதையை யாரோ முள்வேலி போட்டு அடைத்துவிட்டார்களாம்.

"எத்தன வருசமா நடக்குறேன்னு கேட்டாரு, சரி. அனுமதி கேட்டு நடந்தியா, கேக்காம நடந்தியான்னு கேக்குறாருடி. இதென்ன கூத்து?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியை எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

அப்போது குரங்கணிக்கு மேலே சரிவில் எங்களுக்கு ஒரு துண்டு ஏலத்தோட்டமும் தகர வீடும் இருந்தன. ஜீப் ரோட்டுக்கு இறங்க ஒரே ஒற்றையடிப்பாதைதான். அது பெரிய எஸ்டேட் ஒன்றின் நடுவே போனது. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஆட்கள் நடந்த பாதை. நான் பள்ளிக்கூடம் போனதும் அதில்தான். சுற்றிப் போவதானால் ஓடையைத் தாண்டி இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடை யாரையும் தாண்ட விடாது.

எஸ்டேட் கைமாறியது. புது முதலாளி பாதையை அடைக்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார். அப்பா கேஸ் போட்டார். தீர்ப்பு வரும்வரை நடக்கலாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது.

ஒரு சனிக்கிழமை அப்பாவோடு நானும் எங்கள் வக்கீல் வீட்டுக்குப் போனேன். வக்கீல் வாயில் வெற்றிலையோடு பேச்சிலேயே எங்களை வெள்ளைக்காரன் சீமைக்குக் கூட்டிப் போனார்.

"அந்தக் காலத்துல அங்க ராஜா அனுப்புன நீதிபதிக ஊரு ஊராப் போயி, இங்க வழக்கம் என்னன்னு கேட்டுத்தான் தீர்ப்புச் சொன்னாக. ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் பிடிச்சுக்கிட்டார். அப்படியே சட்டமாயிருச்சு. வெள்ளக்காரன் அதைக் கப்பல்ல இங்க கொண்டாந்தான். போகும்போது விட்டுட்டுப் போயிட்டான்."

"எடுத்துட்டுப் போனதுக்கு ஈடா இருக்கும்" என்றார் அப்பா.

வக்கீல் சிரித்துவிட்டு விரலை மடக்கினார். "இருவது வருசம் நடந்திருக்கணும். அடிதடி பண்ணி நடந்திருக்கக் கூடாது. ஒளிஞ்சு நடந்திருக்கக் கூடாது. முக்கியமா, அனுமதி கேட்டு நடந்திருக்கக் கூடாது. கேட்டு நடந்தா அது அவுக தயவு. கேக்காம நடந்தாத்தான் நம்ம உரிமை."

நான் அப்போது அவர் வீட்டு மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மீன் அசையாமல் கிடந்தது. செத்துப்போய்விட்டதோ, நான் பார்த்ததால்தான் செத்தது என்று சொல்லிவிடுவார்களோ என்று அது வேறு கவலை.

எனக்கு நிழலைக் கண்டாலும் பயம். தனியாகப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளில் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "காட்டுமாடு நிக்கும் ஆத்தா. எஸ்டேட்டு மூங்கில் படலுக்கிட்ட இருக்க காவக்காரருக்கு ஒரு குரல் குடுத்துட்டுப் போ. நீ ரோட்டுக்குப் போய்ச் சேருற வரைக்கும் ஒரு கண்ணு வச்சுக்குவாரு."

சும்மா குரல் கொடுத்தால் வைதுவிடுவாரோ என்று பயந்து, நானாகவே அதை "அண்ணே, போகட்டுமா?" என்று மாற்றிக்கொண்டேன். அவர் உதட்டிலிருந்து பீடியை எடுக்காமலே மலையாளத்தில் "போ மோளே" என்பார். அதைக் கேட்டால்தான் எனக்குக் கால் நகரும்.

பாதையைப் பார்த்து எழுதிக்கொண்டு போகக் கோர்ட்டிலிருந்து ஒரு கமிஷனர் வந்தார். போலீஸ் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவரும் ஒரு வக்கீல்தானாம். எங்கள் வக்கீலும் எஸ்டேட் வக்கீலும் கூடவே ஏறி வந்து அட்டைக்கடியில் தவித்தார்கள். திரும்பி இறங்கும்போது வழிகாட்டியாக என்னை முன்னால் விட்டார்கள். படல் வந்தது. கால் தானாக நின்றது.

"அண்ணே, போகட்டுமா?"

காவல்காரர் தரையைப் பார்த்தார். காலில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்த எஸ்டேட் வக்கீல் நிமிர்ந்தார்.

"பாப்பா, தெனமும் இப்படிக் கேட்டுட்டுத்தான் போவியா?"

மரியாதை தெரிந்த பிள்ளை என்று மெச்சுகிறார் என்று நினைத்து, "ஆமா சார்" என்றேன். கமிஷனர் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போகும் முன் வராந்தாவில் எங்கள் வக்கீல் அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "புள்ள பயந்து தானாக் கேட்டுச்சுன்னா அது ஒண்ணுமில்ல. நீங்க சொல்லிக் குடுத்ததுன்னா கேஸ் போச்சு. உங்களைக் கேப்பாக. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நெசமும் அதுதானே."

கூண்டில் என் தலை மட்டும்தான் தெரிந்தது. "பொய் சொல்லக் கூடாது பாப்பா. அனுமதி கேக்கச் சொன்னது யாரு?" என்றார் எஸ்டேட் வக்கீல். நானாகச் செய்தேன் என்றால் குற்றம் என் தலையில் விழும் என்று தோன்றியது. என்ன குற்றம் என்று தெரியாது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"அப்பாதான்."

பிறகு அப்பாவை ஏற்றினார்கள். அதே கேள்வி. அப்பா எங்கள் வக்கீலைப் பார்க்கவில்லை. பெஞ்சில் பாவாடையை முறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"ஆமாங்கய்யா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

எங்கள் வக்கீல் கேஸ் கட்டை மூடி நாடாவை இழுத்துக் கட்டினார்.

தீர்ப்பு வந்த வாரம் படலில் சங்கிலி ஏறியது. ஆடி மழையில் ஓடை பெருகியதோடு என் படிப்பு நின்றது. மறு வருசம் தோட்டத்தை அந்த எஸ்டேட்டுக்கே விற்றுவிட்டுப் போடிக்கு இறங்கினோம். அப்பா கடைசி வரைக்கும் அந்தக் கோர்ட்டு நாளைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிற எனக்கு, அதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

சாட்சி சொன்ன அன்றைக்குக் கோர்ட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அப்பா எனக்கு மட்டும் ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். என்னிடம் குரல் கொடுக்க மட்டுமே சொன்னதை அப்பா மறந்துவிட்டார் போல, நல்லவேளை நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு, சூடு ஆறும்வரை ஊதி ஊதி, அடியில் தங்கிய வெல்லம் வரைக்கும் குடித்தேன்.