படம் குதிக்கிறது என்றார்

என் வீட்டுக்காரரின் லோரி கொட்டும் மழையில் குருண் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது திரை பட்டென்று கறுத்தது. நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் சத்தம் அடங்கியதுமே கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். மேசையில் முடுக்கி வைத்திருந்த ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, கீழே பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாங்க ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல லா. கம்ப்யூட்டர்தான் படுத்துருச்சி."

அப்பாடா என்றிருந்தது. சாமான் கெட்டுப்போனதற்கு எவளாவது அப்பாடா சொல்வாளா? நான் சொன்னேன். ஏனென்றால் போன வருஷம் லோரிக்கு ஒன்றும் ஆகவில்லை, இவருக்குத்தான் நினைவு தப்பியது.

அது நிஜ லோரி. செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போகிற வழியில், கோலா கெத்தில் பக்கம், ரோட்டை விட்டு இறங்கி ரப்பர் மரங்களுக்குள் புகுந்து நின்றது. யார் மேலும் ஏறவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் கும்பிடுகிறேன். "பாலத்தப் பாத்தேன். அப்புறம் மரத்தப் பாத்தேன். நடுவுல இருந்த ரோடு எங்க போச்சுன்னே தெரியல" என்று எல்லாரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரியில் வலிப்பு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வண்டியைத் தொடவே கூடாது, தொடர்ந்து ஒன்றும் வராமல் இருந்தால் லைசென்ஸ் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

டாக்டர் என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னார். கைகால் வெட்டிக்கொள்வது மட்டும் வலிப்பில்லையாம். ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றுபோவாராம், வாயில் ஒன்றும் இல்லாமலே மெல்லுவாராம், கூப்பிட்டால் பதில் வராதாம். அது அவருக்கே தெரியாது, நீங்கள்தான் கவனிக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேலை. காலையில் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கும்போதும் நெஞ்சு வீட்டில்தான் கிடக்கும். அவர் சோறு மெல்லும்போதுகூட வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னா, என் வாயில சினிமா ஓடுதா?" என்று எரிந்து விழுவார்.

வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். தினமும் காடிச் சாவியைக் கேட்பார். நான் அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தேன். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், வாசலில் நிற்கும் காடிக்குள் சாவி இல்லாமலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

அந்தத் தீபாவளிக்குத்தான் ஜொகூரில் இருக்கும் என் தம்பி தன் பழைய கேமிங் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினான். அவன் புதிதாக வாங்கிவிட்டானாம். ஸ்டீயரிங், பெடல், வானவில் மாதிரி மின்னும் விளக்கு, எல்லாம் இருந்தது. "இந்தப் பேய எங்கடா வைக்கிறது?" என்று கத்தினேன். லோரி ஓட்டும் ஒரு விளையாட்டு அதில் இருந்தது. நம் ஊர் ரோடுகளையே யாரோ வரைந்து போட்டிருந்தார்கள். மறுநாளே இவர் காலையில் தேத்தண்ணி குடித்து, காற்சட்டை மாட்டி, "வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடத்து மூலையில் போய் உட்கார்ந்தார். சாவி கேட்பது நின்றது. பேய் என்று திட்டிய வாயாலேயே அதைக் குலதெய்வம் என்று சொல்லவேண்டியதாகிவிட்டது.

அப்பேர்ப்பட்டது இப்போது படுத்துவிட்டது. இரண்டு கோளாறு. ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்துவிடும். இன்னொன்று அவர் சொன்னது: "படம் குதிக்குது. இங்க இருக்கிற லோரி, பாத்தா அங்க இருக்கு. நடுவுல காணோம். ஒரு தடவ காவாயில கெடக்கு." சொல்லிவிட்டு அடுத்த வாக்கியம் என்ன தெரியுமா? "இது சரிப்பட்டு வராது. காடிச் சாவியக் குடு. இந்தத் தாமான் வீட்டு வரிசைக்குள்ளயே ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துர்றேன்."

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, ரேம் என்று அடுக்கினான். "எத மாத்தினாலும் போர்டு பழசுக்கா. போர்ட மாத்தப் போனா எல்லாத்தையும் மாத்தணும். அதுக்குப் புதுசே வாங்கிரலாம்." புதிது வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. ஏதாவது ஒன்றைத்தான் மாற்ற முடியும். அந்த ஒன்று எது என்பதில் வீட்டில் சண்டை.

அவருக்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். படம் நன்றாகத் தெரிய வைப்பது அதுதான். "சைட் கண்ணாடி கலங்கலா இருக்கு. பின்னால வர்ற மோட்டார்க்காரன எப்படிப் பாக்குறது? ஏத்திக் கொல்லச் சொல்றியா?"

"அதுல யாருங்க சாகப் போறா?"

கேட்டிருக்கக் கூடாது. முகம் சுருங்கிப்போனது. அவருக்கு அது விளையாட்டு இல்லை என்று தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. எனக்கோ பவர் சப்ளை மாற்ற வேண்டும். கண்ணாடி தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, நடுரோட்டில் அணையாமல் இருந்தால் போதும். அது ஒவ்வொரு தடவை அணையும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது.

சனிக்கிழமை சுங்கைப் பட்டாணிக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், பொறுமையான ஆள். "பெரிய கார்டு போட்டா அதுக்குத் தக்க பவரும் வேணும் தங்கச்சி. இப்ப இருக்கிற பவர் சப்ளை மேல எவ்வளவுன்னு எழுதியிருக்கும். மூடியத் தொறந்து பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

வீட்டுக்கு வந்து, தம்பியை வீடியோ காலில் வைத்துக்கொண்டு பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து கோயில் வாசனை அடித்தது.

கம்ப்யூட்டர் இருந்தது சாமி மேடைக்கு நேர் கீழே. பிளக் அங்கேதான் இருக்கிறது, வேறு எங்கே வைப்பது? வெள்ளிக்கிழமை மட்டும் போட்டுக்கொண்டிருந்த சாம்பிராணியை, இவருக்கு வலிப்பு வந்த பிறகு தினமும் போட ஆரம்பித்தேன். சாமிக்குக் காட்டி, இவருக்குக் காட்டி, கடைசியில் இவர் ஓட்டும் கம்ப்யூட்டருக்கும் சுற்றிக் காட்டுவேன். இந்த வருஷ ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து மிதிக்கச் சொன்னேன். வண்டி என்றால் வண்டிதானே! அந்தப் புகை முழுவதையும் உள்ளே இருந்த விசிறிகள் இழுத்திருக்கின்றன. இறக்கை தெரியாமல் கறுப்பாகப் பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது. அதன் மேல் குங்குமம் வேறு.

தம்பி சிரித்த சிரிப்பில் அவன் போனே ஆடியது. "அக்கா, நீ கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்ட வச்சிருக்க! சூடு தாங்காமத்தான் அணைஞ்சிருக்கு. பவர் சப்ளைக்கு ஒண்ணும் ஆகல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். வீட்டுக்காரரும் சிரித்தார், ரொம்ப நாளைக்குப் பிறகு. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தோம். நீட்டு வயர் போட்டுச் சன்னல் பக்கம் நகர்த்தினோம். அதன் பிறகு அது அணையவே இல்லை.

"ஆனா படம் இன்னும் குதிக்குது" என்றார்.

"அப்ப கார்டுதான்க்கா" என்றான் தம்பி. பவர் சப்ளையில் எழுதியிருந்த கணக்குக்குத் தோதாக, ஒருவர் பயன்படுத்திய கார்டு ஒன்றைக் கடைக்காரர் தேடிக் கொடுத்தார். மாட்டிய அன்று வீட்டுக்காரர், "ஏய், வந்து பாரு!" என்று கூப்பிட்டார். சைட் கண்ணாடியில் பின்னால் வரும் மோட்டாரின் விளக்கு பளிச்சென்று தெரிந்தது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "மாத்திரைய ஒழுங்காப் போடுறேன். ஒண்ணும் வரல. அடுத்த வாரம் டாக்டர் லைசனுக்கு எழுதிக் குடுத்துருவாரு பாரு" என்றார். நானும் நம்பினேன். அரிசி டின்னில் கைவிட்டுச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபோது முதல் தடவையாகப் பயம் இல்லை.

இரண்டு நாள் கழித்து, "இன்னும் குதிக்குது லா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றேன். தம்பி ஓட்டைச் சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்றேன். தம்பி பொறுமையாகச் சொன்னான்: "பக்கத்துல உக்காந்து, குதிக்கும்போது திரைய ரெக்கார்டு பண்ணி அனுப்புக்கா. பாத்தாத்தான் தெரியும்."

அதுவரை நான் அவர் ஓட்டுவதைப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். திரைக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருப்பவரின் பிடரிதான் தெரியும். அன்று மதியம் ஒரு நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் மழை. தூரத்தில் ஜெராய் மலை. வைப்பர் போய்ப் போய் வந்தது. ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. "இங்கதான் அடிக்கடி குதிக்கும், பாரு" என்றார். நான் கண் கொட்டாமல் பார்த்தேன். லோரி மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. கோட்டைத் தாண்டியது. புல்லில் இறங்கியது. மழை விடாமல் பெய்தது, வைப்பர் விடாமல் ஆடியது, எதுவும் குதிக்கவில்லை.

"என்னாங்க, ரோட்ட விட்டு இறங்குதே."

பதில் இல்லை.

"என்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். கண் திரையில் இல்லை, அதற்கும் அப்பால் எங்கேயோ இருந்தது. வாய் மெல்ல மென்றுகொண்டிருந்தது. மதியச் சோறு தின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"என்னாங்க! ஐயோ, என்னாங்க!"

லோரி வேலியில் முட்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைச் சிமிட்டினார், புறங்கையால் வாயைத் துடைத்தார், திரையைக் காட்டினார்.

"பாத்தியா? குதிச்சிருச்சி. பாத்தியா?"

அந்தச் சமயத்தில் யாரையாவது திட்டவேண்டும் போலிருந்தது, திட்ட ஆள் இல்லை. பொய் சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. ஆமாங்க, கம்ப்யூட்டர்தான், தம்பியிடம் சொல்கிறேன் என்று சொன்னால் அடுத்த வாரம் வரைக்குமாவது அவர் சந்தோஷமாக இருப்பார். அதற்குள் கையை நீட்டினார்.

"புடிச்சியா? குடு, பாப்போம்."

கொடுத்துவிட்டேன். போனில் மழை பெய்தது, லோரி சாய்ந்தது, புல்லில் இறங்கியது. ஒரு இடத்திலும் படம் குதிக்கவில்லை. என் குரல் மட்டும் கூப்பிட்டது, கூப்பிட்டது, பிறகு கத்தியது. கடைசியில் அவர் குரல்: "பாத்தியா? குதிச்சிருச்சி." முதலிலிருந்து மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"நீ கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேங்க."

போனை என் மடியில் வைத்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்து, புதுக் கண்ணாடியில் பின்னால் பார்த்து, லோரியைப் புல்லிலிருந்து ரிவர்ஸ் எடுத்தார். சிக்னல் போட்டு ரோட்டோரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினை அணைத்தார்.

"அத அழிச்சிராத" என்றார். "டாக்டருக்குக் காட்டணும்."